அந்நிய மொழியில் கத்துகிறான்

விக்டர் கோமெலுக்குக் குரல் மட்டும் கொஞ்சம் கனமாக அமைந்திருந்தால் அவர் மலைமேல் நீச்சல்குளம் வைத்த வீட்டில் இருந்திருப்பார். எனக்கு அடுத்த வீட்டுக்காரராக வந்து, காலையில் என்னிடம் காப்பித்தூள் கடன் கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டார். பேசாத படங்களின் காலத்தில் அவர் பெரிய ஆள். கதாநாயகியின் கையை அவர் முத்தமிடும்போது தியேட்டரில் பெண்கள் பெருமூச்சு விடுவார்களாம். பிறகு படம் பேச ஆரம்பித்தது. அவருடைய முதல் பேசும் படத்தில் நிலா வெளிச்சத்தில் மண்டியிட்டு "உன்னை நேசிக்கிறேன்" என்றாராம். தியேட்டரே கொல்லென்று சிரித்ததாம். மூக்கில் பிறந்து மூக்கு வழியாகவே வெளியேறும் குரல் அது. கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனை அப்படித்தான் கத்தும்.

ஹாலிவுட் எதையும் வீணாக்காது. காதலனுக்கு ஆகாத குரலை வில்லனின் கையாளுக்குக் கொடுத்தது. பெயருக்கு நடுவே ஜெர்மன் பிரபுக்கள் வைத்துக்கொள்ளும் ஒரு 'ஃபான்' சொருகி அவரைப் பிரபு வம்சமாகவும் ஆக்கியது. அவருடைய அப்பா கொரிட்சா ஊரில் ரொட்டி சுட்டு விற்றவர். நான் அவரைப் 'பிரபு' என்றுதான் கூப்பிடுவேன், வேண்டுமென்றே.

நான் பிரோஷ்கா பான்கி. புடாபெஸ்டில் மேடையில் ராணிகளாக நின்றவள். இங்கே வந்த பிறகு கதவு திறந்துவிடும் வேலைக்காரி, கை பார்த்துக் குறி சொல்லும் ஜிப்ஸிக் கிழவி, அவ்வளவுதான். நாற்பது வயதிலேயே எனக்குக் கிழவி வேஷம் ஒட்டவைத்துவிட்டார்கள். ஒட்டியது ஒட்டியதுதான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள், எல்லா வீட்டிலும் எங்களைப் போன்ற உச்சரிப்புக் கோணல்கள். எல்லோருக்குமாக நடைவழிச் சுவரில் ஒரே தொலைபேசி. மாலை ஐந்து மணிவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வரலாம் இல்லையா? ஒருவன் தன் மாமியாரோடு அரட்டை அடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவனின் வாய்ப்பு பறந்துபோய்விடுமே. அதனால் நாங்கள் யாரையும் கூப்பிடுவதில்லை, எங்களையும் யாரும் கூப்பிடுவதில்லை. பகல் பூராவும் அந்தக் கறுப்புச் சனியனைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். கோமெல் சட்டையில் கழுத்துப்பட்டி கட்டி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொலைபேசிக்குக் கண் உண்டா என்ன?

யுத்தம் வந்ததும் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. எந்த நாஜிகள் கையில் அகப்படாமல் உயிர் பிழைத்து ஓடிவந்தோமோ, அவர்களுடைய சீருடையை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோ உணவுக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சூப் குடித்தார்கள் எங்கள் ஆண்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் நலம் விசாரிப்பதே இப்படித்தான்:

"எப்ப செத்தீங்க பிரபு?"

"மூணாவது ரீல்ல. படிக்கட்டுலேருந்து உருண்டு."

"பரவாயில்லையே! போன தடவை ரெண்டாவதுலயே போயிட்டீங்க. முன்னேற்றம்தான்."

"கதாநாயகன் சுட்டான் பிரோஷ்கா. போன தடவை வெறும் குதிரை உதைச்சது."

எங்களுக்கு வசனம் எழுத யாருக்கும் பொறுமை கிடையாது. கதைப் பிரதியில் எங்கள் இடம் வந்தால் 'அந்நிய மொழியில் கத்துகிறான்' என்று ஒரே வரி இருக்கும். டைரக்டர் வந்து, "உங்க பாஷையில ஏதாவது கத்துங்க, கோவமா இருந்தா போதும்" என்பார். நாங்களும் கத்துவோம். நான் ஒரு படத்தில் கதாநாயகன் மேல் சாபம் விடவேண்டியிருந்தது. கண்ணை உருட்டி, விரலை நீட்டி, முட்டைக்கோசு இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டி வேகவைக்கும் பக்குவத்தை முழுக்க ஹங்கேரிய மொழியில் சொன்னேன். "மிளகாய்த்தூள் தாராளமா போடு" என்ற இடத்தில் நாயகி மயங்கி விழுந்தாள். டைரக்டர் கைதட்டினார்.

கோமெல் என்ன கத்துகிறார் என்று நான் விசாரித்ததேயில்லை. அவருடைய ஸ்லோவேனிய மொழி இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் இருவருக்கும் ஒரே படத்தில் வேலை. அவர் அதிகாரி, ஒரு கைதியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்தவேண்டும். நான் மூலையில் தரை துடைக்கும் கிழவி. அவர் கத்தினார். முகம் சிவந்தது, எச்சில் தெறித்தது, எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வில்லனின் கத்தலில் அந்தப் பெயர் மட்டும் மெத்தென்று விழுந்தது.

சாப்பிடும்போது கேட்டேன். "யாருய்யா அந்த ஸோரா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "காதுல விழுந்துதா?"

"கிழவி வேஷம்தான் போட்டிருக்கேன். காது கிழவிக் காது இல்ல."

"என் பொண்ணு."

பத்து வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அவருக்குப் பெண் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் ஊர் முதல் யுத்தத்துக்குப் பிறகு இத்தாலி வசம் போனது. இத்தாலிக்காரர்கள் அந்த மொழியில் நாடகம் போடக் கூடாதென்று அரங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். கோமெல் ஒரு நாடகக் குழுவோடு கப்பலேறினார், ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி. ஸோராவுக்கு அப்போது நாலு வயது. பிறகு படங்கள் வந்தன, புகழ் வந்தது, போனது. மனைவி காய்ச்சலில் இறந்தாள். மனைவியின் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் வளர்த்தாள். அவளுக்கு இவர்மேல் கோபம். நியாயமான கோபம்தான், நானாயிருந்தாலும் பட்டிருப்பேன். இவர் எழுதியது எதுவும் பிள்ளையின் கைக்குப் போகவில்லை.

"அதான் படத்துல சொல்றேன்," என்றார். "இந்தப் படமெல்லாம் உலகம் பூரா போகுதில்ல? எங்க ஊர்லயும் ரெண்டு தியேட்டர் இருக்கு. என்னைக்காவது ஒரு நாள் அவ வந்து உட்காருவா. நான் கத்துவேன். மத்தவங்களுக்கு அது வில்லன். அவளுக்கு மட்டும் புரியும்."

"அப்படி என்னதான் சொல்றீங்க?"

"இன்னிக்கா? 'ஸோரா, உன்னை விட்டுட்டு வந்தது தப்பு. அப்பா உயிரோட இருக்கேன். கலிஃபோர்னியாவுல இருக்கேன், வந்து கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க.'" கொஞ்சம் யோசித்து, "யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா சொல்லி வெச்சிருக்கேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரையே கொளுத்தப் போவதாக மிரட்டும் காட்சியில் 'குளிருக்குக் கம்பளி போட்டுக்கோ' என்று சொல்லியிருக்கிறார். சாகும் காட்சிகளில் பேச நேரம் குறைவு என்பதால் அவற்றில் வெறும் முத்தம் மட்டும் அனுப்புவாராம். அதற்கப்புறம் அவர் படம் எது வந்தாலும் போய் உட்கார்ந்து பார்த்தேன். சுற்றிலும் ஜனங்கள் அவரை வெறுத்து ஊளையிட, எனக்கு மட்டும் கண் கலங்கும்.

யுத்தம் முடிந்தது. எங்கள் நல்ல காலமும் முடிந்தது. யாருக்கும் வில்லன்கள் தேவைப்படவில்லை. கோமெல் தினமும் ஷூவுக்குப் பாலீஷ் போட்டார், தொலைபேசியின் முன் உட்கார்ந்தார், ஐந்து மணிக்கு எழுந்து உள்ளே போனார். சில நாட்கள் அந்த நாளில் அவர் பேசிய ஒரே வார்த்தை எனக்குச் சொன்ன காலை வணக்கமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சார்ஜென்ட் வந்தான். மார்ட்டின் ஸ்க்ரபேக் என்று பெயர், கிளீவ்லாந்துக்காரன், அவன் அப்பா அம்மாவும் கோமெலின் நாட்டுப்பக்கம். கோமெலின் ஊருக்குப் பக்கத்து நகரமான திரியெஸ்தேயில் அமெரிக்கப் படையின் அலுவலகத்தில் இருந்துவிட்டு விடுப்பில் வந்திருந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று, "இங்க விக்டர் கோமெல்ங்கிறவர் யாரு?" என்று கேட்டான்.

கோமெல் எழுந்து நின்றார். ஸ்டுடியோ ஆள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"உங்க பொண்ணு எங்க ஆபீஸ்லதான் டைப் அடிக்குது சார். ஸோரா. நீங்க செத்துப்போயிட்டதா பெரியம்மா சொல்லி வெச்சிருந்தாங்களாம். யுத்தம் முடிஞ்சதும் நம்ம படமெல்லாம் அங்க மொத்தமா வந்து இறங்கிச்சு. ஒரு நாள் தியேட்டர்ல உங்க முகத்தைப் பாத்திருக்கு. கல்யாண போட்டோவுல இருக்கிற முகம். அதுக்கப்புறம் உங்க படம் ஒண்ணு விடல. ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை, ஆறு தடவை."

"பாத்தாளா?" என்றார் கோமெல். "கேட்டாளா? நான் பேசினதைக் கேட்டாளா?"

"கேக்காமலா! அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கும். 'முகம்கூட மறந்துபோச்சு, அந்தக் குரல் மட்டும் எனக்குச் சின்ன வயசுலேருந்து ஞாபகம் இருக்கு'ன்னு."

கோமெல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பையன் என்னைப் பார்த்து விழித்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். போகும் முன் அவன் ஸோரா சொன்ன சேதியைச் சொன்னான்: ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தொலைபேசியில் கூப்பிடுவாள், அவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துத் தந்தி அடிக்கச் சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரம் அவர் மனிதராக இல்லை. முடிவெட்டிக்கொண்டு வந்தார். என்னை உட்கார வைத்து, "அவ பேசினதும் நான் முதல்ல என்ன சொல்லணும்?" என்று ஒத்திகை பார்த்தார்.

"வணக்கம்னு சொல்லுங்க. மத்ததை அழுகை சொல்லிக்கும்."

"என் குரலை வெச்சு ஊரே சிரிச்சுது பிரோஷ்கா. அவளுக்கு மட்டும் அது ஞாபகம் இருக்கு பாரு. நாலு வயசுப் பிள்ளை! தினம் தூங்க வைக்கறப்ப பாடுவேன். அதுகூட மூக்காலதான் பாடியிருப்பேன்."

"பிள்ளைங்களுக்கு நல்ல ரசனை கிடையாது," என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை நடைவழியில் அவருக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் வைத்தேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை. நான் துணி துவைக்கும் இடத்தில், திறந்திருந்த கதவுக்கு இந்தப்பக்கம் நின்றேன். ஒட்டுக்கேட்கத்தான். மொழி புரியாதே, அப்புறம் என்ன பாவம்?

மணி அடித்தது. எடுத்தார். முதலில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பெண்களிடம் "ஆமா, ஆமா" என்று ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு அவருடைய பாஷையில், அந்தப் பூனைக்குரல் நடுங்க, ஒரு வாக்கியம் சொன்னார். அதில் ஸோரா இருந்தது.

நிறுத்தினார். கேட்டார். இன்னொரு முறை சொன்னார், கொஞ்சம் சத்தமாக. மறுபடி கேட்டார். அதற்குப் பிறகு நீண்ட நேரம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தலையை நீட்டிப் பார்த்தேன். அறுபடவில்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ கேள்வி கேட்டார். பதிலைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இன்னொரு கேள்வி. டைரக்டர் காட்சியை விளக்கும்போது அவர் அப்படித்தான் நிற்பார்.

அப்புறம் தொலைபேசிக் குழாயை மார்போடு அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தினார். குழாயைத் திரும்பக் காதில் வைத்துப் பேச ஆரம்பித்தார்.

என் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. அந்தக் குரலை நான் கேட்டதேயில்லை. ஆழமான, நிதானமான, மார்பிலிருந்து வரும் குரல். வாக்கியத்தின் கடைசியில் மெல்ல இறங்கி நின்றது. வேறு யாரோ உள்ளே வந்து பேசுகிறார்களா என்று பார்த்தேன், கோமெல் ஒருவர்தான். அந்தக் குரல் ஸோரா என்றது. எதிர்முனையில் ஒரு பெண் வீறிட்டு அழுவது நான் நின்ற இடம்வரை கேட்டது.

பேசி முடித்ததும் அவர் முற்றத்துப் படியில் வந்து உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னய்யா நடந்துது?"

"'ஸோரா, நான்தான் அப்பா'ன்னேன். 'யாரு பேசறது? எங்க அப்பாவைக் கூப்பிடுங்க'ன்னா." இது அவருடைய பழைய குரல். "மறுபடி சொன்னேன். கோவம் வந்துடுச்சு அவளுக்கு. 'விளையாடாதீங்க ஐயா. எங்க அப்பா குரல் எனக்குத் தெரியும். எல்லாப் படத்துலயும் கேட்டிருக்கேன். எவ்வளவு கம்பீரமா இத்தாலி பாஷை பேசுவார் தெரியுமா'ன்னா."

"நீங்க எந்தப் படத்துல இத்தாலி பாஷை பேசினீங்க?"

"எதுலயும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டப்பிங்! அந்த நாட்டில் வெளிநாட்டுப் படம் எது வந்தாலும் எல்லாக் குரலையும் அழித்துவிட்டு, ரோமில் ஓர் அறையில் ஆட்களை உட்காரவைத்து இத்தாலிய மொழியில் பேசிச் சேர்த்துவிடுகிறார்கள். கீழே எழுத்துப் போடுவார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சினிமாவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் எங்களுக்கு, நாங்கள் நடித்த படம் சொந்த ஊரில் எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை. கம்பளி போட்டுக்கொள்ளச் சொன்னது, மன்னிப்புக் கேட்டது, முத்தம், ஒன்றுகூட அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரவில்லை. எவனோ ஒருவன், பெயர்கூடத் தெரியாத ஒரு நல்ல குரல்காரன், கோமெலின் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு வில்லன் வசனம் பேசியிருக்கிறான். பெற்ற பெண் அவனைத்தான் அப்பா என்று நெஞ்சில் வைத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து ஞாபகமாம்!

"அந்தக் குரல் உங்களுக்கு எப்படி வந்துது?"

"அவகிட்டயே கேட்டேன். 'நான் இந்த வீட்ல வேலை செய்யற ஆளு, உங்க அப்பா குளிச்சிட்டு இருக்கார், இப்ப வந்துடுவார். அவர் குரல் அவ்வளவு நல்லாவா இருக்கும்?'ன்னு. சொன்னா. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எல்லாம் சொன்னா. அப்படி ஆசையா என்னைப் பத்தி யாரும் சொன்னதில்ல பிரோஷ்கா. அதான் அப்படியே பண்ணிட்டேன். லைன்ல இரைச்சல் வேற. நல்லா வந்துது, இல்ல?"

"நல்லா வந்துது," என்றேன். வேறென்ன சொல்ல? அவர் வாழ்நாளிலேயே அதுதான் அருமையான நடிப்பு.

"படத்துல கத்தினதையெல்லாம் திரும்பச் சொன்னேன். ஒண்ணு விடாம. மன்னிச்சிட்டேன்னா."

"யாரை?" என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்; அவர் கேட்காததுபோல் காப்பியைக் குடித்தார்.

"வரட்டுமான்னு கேட்டா. ஆபீஸ்ல சொன்னா டிக்கெட் ஏற்பாடு பண்ணுவாங்களாம். அடுத்த மாசமே கப்பல் இருக்காம்."

"கடவுளே! வரச் சொன்னீங்களா?"

"வேண்டாம்னுட்டேன். தொடர்ந்து ஷூட்டிங், மூச்சுவிட நேரமில்லன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைல போன்ல பேசறேன்னிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி உடைத்திருப்பேன். "பைத்தியமாய்யா உமக்கு? எந்த ஷூட்டிங்? தொலைபேசியப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதா? இத்தனை வருஷமா எதுக்குக் கத்தினீங்க? வரச் சொல்லுங்க. வந்தா ஒரு நாள் அழுவா, ரெண்டு நாள் கோவிச்சுக்குவா, மூணாம் நாள் அப்பான்னு கூப்பிடுவா. உண்மையைச் சொல்லுங்க!"

"சொன்னேனே," என்றார் அவர். "ரெண்டு தடவை சொன்னேன். நான்தான் அப்பான்னு. என் குரல்லயே."

தளர்த்தியிருந்த கழுத்துப்பட்டியை அவர் மறுபடி இறுக்கிக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு தடவை அப்பா செத்தாச்சு பிரோஷ்கா. பெரியம்மா சாகடிச்சா. இப்பத்தான் தியேட்டர்ல உயிரோட கிடைச்சிருக்கான். அவ கப்பலை விட்டு இறங்கி வந்து நிக்கறப்ப நான் வாயைத் திறந்தா, அவன் மறுபடி செத்துருவான். என் கண்ணெதிர்லயே செத்துருவான். அதுக்கப்புறம் அவளுக்கு நான் யாரு?"

அவரைத் திட்டுவதற்கு என்னிடம் நாலு மொழி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார், நான் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டியவள். கொஞ்ச நேரம் கழித்துக் கோப்பையை என்னிடம் நீட்டி, அடுத்த ஞாயிறு வரைக்கும் தொண்டைக்கு என்ன குடித்தால் நல்லது என்று கேட்டார்.